கல்பின் கவலையும் தேகத்தின் நோயும்

 



நம் வியாபாரிகளில் ஒருவரிடம் சென்று, "வியாபாரம் எப்படி?" என்று கேட்டால், "அல்ஹம்து லில்லாஹ், பரவாயில்லை" என்பார். "வீட்டில் எல்லாரும் சுகமா?" என்றால், "துஆ பரக்கத்தால் சுகம்" என்பார். இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால்தான் மற்றவை வெளிவரும். இரவில் தூக்கமில்லை. நெஞ்சில் ஏதோ அடைக்கிறது. சாப்பிட்டது செரிக்கவில்லை. பிடரியில் வலி. வாயுவாக இருக்குமென்று ஓமத் திரவம் குடித்தார், போகவில்லை. டாக்டரிடம் காட்டினார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லையென்றால் இந்த வலி எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கு விளங்கவில்லை. பத்து வருஷக் கூட்டாளி பிரிந்து போனதையும், மகன் கடைக்கு வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டதையும், ஊரில் தாயார் மௌத்தானபோது ஜனாஸாவுக்குப் போய்ச் சேர முடியாமற் போனதையும் அவர் டாக்டரிடம் சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள்.

கல்பில் தங்கும் கவலைக்கும் தேகத்தில் தோன்றும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். இது புதிய காலத்தவர் கண்டுபிடித்த விஷயம் என்று நம்மிற் சிலர் எண்ணுகிறார்கள். நம் மார்க்கத்தில் இது மிகப் பழைய விஷயம்.

திருக்குர்ஆன் ஷரீபின் 12ஆம் அத்தியாயமாகிய சூரா யூசுபை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. அதைப் பேசும்போதெல்லாம் யூசுப் (அலை) அவர்களின் அழகையும், கிணற்றையும், சிறைச்சாலையையும், மிஸ்ரு நாட்டுக் களஞ்சியத்தையும் பேசுகிறோம். அவர்களுடைய தகப்பனாரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்து ஆண்டுகள் பல சென்ற பின்னும் யஃகூப் (அலை) அவர்களுக்கு அந்தத் துயரம் ஆறவில்லை. இரண்டாவது பிள்ளையும் மிஸ்ரில் தங்கிவிட்டது என்ற செய்தி வந்தபோது பழைய புண் மறுபடி வாய் திறந்தது. துக்கத்தினால் அவர்களுடைய இரு கண்களும் வெளுத்துப் போயின என்று 84ஆம் ஆயத்து தெரிவிக்கிறது. கண்ணில் நோய் கண்டதற்குக் காரணமாக அங்கே தூசியோ முதுமையோ கூறப்படவில்லை. ஹுஸ்னு, அதாவது துக்கம், என்றே கூறப்படுகிறது. அதோடு, அவர்கள் துக்கத்தை உள்ளேயே அடக்கி வைத்தவர்களாக இருந்தார்கள் என்பதைக் குறிக்க 'கழீம்' என்னும் சொல் ஆளப்படுகிறது. நீர் நிரம்பிய தோற்பையின் வாயை இறுக்கிக் கட்டுவதற்கும் அரபியில் அதே வேரிலிருந்து வரும் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். பை நிரம்பியிருக்கிறது, வாய் கட்டியிருக்கிறது. உள்ளே இருப்பது எங்கே போகும்? அவர்களுக்கு அது கண்ணில் வந்து இறங்கிற்று.

இங்கே நாம் நிதானமாகக் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. யஃகூப் (அலை) அவர்கள் ஒரு நபி. இஸ்ஹாக் நபியின் மகன். இப்ராஹீம் நபியின் பேரர். அவர்களைவிட ஈமானில் உறுதி படைத்தவர் என்று நம்மில் எவரும் மார்தட்ட முடியாது. அவர்களுக்கே துக்கம் வந்தது; துக்கத்தால் நோயும் வந்தது. அதற்காக அல்லாஹ் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டவர்கள் பிள்ளைகள்தாம். இப்படியே யூசுபை நினைத்து நினைத்து உருக்குலைந்து போவீர்கள், அல்லது செத்தே போவீர்கள் என்ற கருத்தில் அவர்கள் பேசியது அடுத்த ஆயத்தில் வருகிறது. அங்கே வரும் 'ஹரள்' என்ற சொல்லுக்குத் துயரத்தால் தேகமும் புத்தியும் சேர்ந்து நலிந்துவிட்ட நிலை என்று விரிவுரையாளர்கள் பொருள் சொல்கிறார்கள். ஆகத் தேகத்தையும் புத்தியையும் ஒரே சொல்லில் சேர்த்து வைத்துப் பேசுவது திருமறையின் வழக்கு. இன்றைக்கும் ஒருவர் மனம் சோர்ந்து உட்கார்ந்தால், "இவருக்கு ஈமான் பலவீனம், தவக்குல் இல்லை" என்று முதலில் வாய் திறப்பவர்கள் யூசுபுடைய சகோதரர்களின் இடத்தில் நின்று பேசுகிறார்கள் என்றே நாம் சொல்லுவோம்.

யஃகூப் (அலை) அவர்கள் என்ன செய்தார்கள்? தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாகச் சொன்னார்கள். அத்தோடு நின்றார்களா? இல்லை. உடனே மக்களை அழைத்து, போய் யூசுபையும் அவர் தம்பியையும் தேடிப் பாருங்கள், அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று அனுப்பி வைத்தார்கள். முறையீடும் நடந்தது, முயற்சியும் நடந்தது. பிறகு மிஸ்ரிலிருந்து யூசுப் (அலை) அவர்களின் சட்டை வந்தது. அதை முகத்தில் போட்டதும் பார்வை திரும்பிற்று. (ஜவுளி வியாபாரிகள் கவனிப்பார்களாக: அந்தச் சரித்திரத்தில் பொய் இரத்தம் தோய்ந்து வந்து துக்கத்தைத் தொடக்கி வைத்ததும் ஒரு சட்டை, துக்கத்தைத் தீர்த்து வைத்ததும் ஒரு சட்டை.) துக்கம் தேகத்தை நோயாக்கிற்று; சந்தோஷச் செய்தி தேகத்தைக் குணமாக்கிற்று. சட்டை கொணர்ந்த சுகம் நபிக்கு அருளப்பட்ட அற்புதம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கல்பிலிருந்து தேகத்துக்குப் போகும் பாதை ஒன்று உண்டென்பதை அந்த அற்புதமே காட்டித் தருகிறது.

மூஸா (அலை) அவர்கள் பிர்அவ்னிடம் அனுப்பப்பட்டபோது தம் நெஞ்சு நெருக்கடிக்குள்ளாகிறது, நா எழவில்லை என்று சொல்லித் துணைக்கு ஹாரூன் (அலை) அவர்களைக் கேட்டார்கள். பிரசவ வேதனையில் தனித்துக் கிடந்த மர்யம் (அலை) அவர்கள் இதற்கு முன்பே நாம் மாண்டிருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள். அவர்களுக்கு முதலில் கிடைத்த பதில் காலடியில் நீரும், மரத்திலிருந்து பேரீச்சம் பழமும், உண்டு பருகி ஆறுதலடையும்படியான கட்டளையுமாகும். நீரும் பழமும் அங்கே மருந்தாயின.

நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலும் துக்க ஆண்டு என்றே பெயர் பெற்ற ஓர் ஆண்டு இருந்தது. கதீஜா நாயகி (ரலி) அவர்களையும் சிறிய தந்தையும் பெரிய தந்தையுமாய் நின்று காத்த அபூதாலிபையும் ஏறத்தாழ கி.பி. 619இல் சிறிது கால இடைவெளியில் இழந்தார்கள். பின்னாளில் மதீனாவில் குழந்தை இப்ராஹீம் மடியில் உயிர் விட்டபோது அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். தோழர் ஒருவர் வியந்து கேட்டதற்கு அது ரஹ்மத் என்று விளக்கினார்கள். கண் நீர் விடும், கல்பு துக்கப்படும், நாவு மட்டும் ரப்பின் பொருத்தத்துக்கு மாறாகப் பேசாது என்ற கருத்தையும் சொன்னார்கள். இதைப் புகாரி ஷரீபில் காணலாம். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று நம் ஊர்களில் சொல்லும் சொல்லுக்கு இந்த மார்க்கத்தில் எங்கே ஆதாரம் இருக்கிறது?

இனி வியாபாரிகளாகிய நமக்கென்றே வந்தது போன்ற ஒரு செய்தியைச் சொல்லுகிறோம். ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள் வந்தார்கள். தொழுகை வக்த்து இல்லை. அன்ஸாரிகளில் அபூ உமாமா என்ற தோழர் தனியே உட்கார்ந்திருந்தார். தொழுகை நேரமல்லாத நேரத்தில் இங்கே ஏன் இருக்கிறீர் என்று கேட்டார்கள். கவலைகளும் கடன்களும் என்னைப் பற்றிக்கொண்டன என்றார் அவர். உடனே நாயகம் (ஸல்) அவர்கள் காலையிலும் மாலையிலும் ஓதும்படி ஒரு துஆவைக் கற்றுத் தந்தார்கள். அவர் அவ்வாறே ஓதிவர, கவலையும் நீங்கிற்று, கடனும் தீர்ந்தது என்று அபூதாவூதில் வருகிறது. அதன் அறிவிப்புத் தொடரில் பலவீனம் உண்டென்று ஹதீஸ் கலை அறிந்தோர் சொல்லுவார்கள். ஆனால் அந்தத் துஆவின் பொருளை நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி கேட்டு வந்ததாக, அவர்களுக்கு ஊழியம் செய்த அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்தது புகாரியிலேயே இருக்கிறது.

அந்தத் துஆவில் எவ்வெவற்றிலிருந்து பாதுகாவல் தேடப்படுகிறது என்று பாருங்கள். வரப்போவதை நினைத்து எழும் கவலை, போனதை நினைத்து எழும் துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடனின் பாரம், மனிதர்களின் அடக்குமுறை. கவலையும் கடனும் ஒரே மூச்சில் வருகின்றன. கவலையுள்ளவன் செயலற்றுப் போகிறான், செயலற்றவனைப் பார்த்து உலகம் சோம்பேறி என்கிறது, கை சுருங்குகிறது, துணிவு போகிறது, கடன் ஏறுகிறது, கடன் ஏறியதும் பிறர் அவன் மேல் ஏறி நிற்கிறார்கள். ஒரு கடை மூழ்குவதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த வரிசை நன்றாகப் புரியும்.

அந்தச் செய்தியில் நம்மைப் பிடித்து நிறுத்துவது துஆ மட்டுமன்று. அதற்கு முன் நடந்தது. தோழர் வேளையல்லாத வேளையில் உட்கார்ந்திருப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டுகொண்டார்கள். கண்டதும் கேட்டார்கள். நம் பள்ளிகளில் ளுஹருக்கும் அஸருக்கும் இடையே தூணில் சாய்ந்து கண் மூடியிருக்கும் ஒருவரைக் கண்டால், மின்விசிறிக்கும் குளிருக்கும் வந்து படுத்திருக்கிறார் என்று எண்ணி நாம் கடந்துபோகிறோம். அப்படியும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

இனி வைத்திய சாஸ்திரத்துக்கு வருவோம். சிறுநீரகங்களின் மேலே தொப்பி போல் அமைந்த இரு சுரப்பிகள் உள்ளன. பயமோ கவலையோ எழும்போது மூளையின் ஆணையால் அவை அட்ரினலின், கார்ட்டிஸால் என்னும் இரண்டு நீர்களை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது; இரத்த அழுத்தம் உயர்கிறது; கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் இறக்குகிறது; ஜீரணம் மந்தமாகிறது; தூக்கம் விலகுகிறது. எதிரே புலி வந்தால் ஓடுவதற்கு இது தேவை. புலி போனதும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். கடை வாடகையோ, செலுத்த வேண்டிய தவணையோ, வீட்டுச் சண்டையோ போய்விடும் புலி அன்று. அது மாதக்கணக்கில் வாசலில் படுத்திருக்கிறது. சுரப்பியும் மாதக்கணக்கில் வேலை செய்கிறது. நீரிழிவுள்ள நம் சகோதரர் பலர், "சீனியை விட்டேன், சோற்றைக் குறைத்தேன், இன்னும் இறங்கவில்லையே" என்று அலுத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இந்தியாவில் பிறந்து கனடாவில் பணியாற்றும் டாக்டர் ஸலீம் யூசுப் என்பவரின் தலைமையில் 52 நாடுகளில், சுமார் 30,000 பேரிடம் நடந்த பேராராய்ச்சியின் முடிவு 2004இல் வெளிவந்தது. மாரடைப்புக்குரிய ஒன்பது முக்கிய காரணங்களில், புகை, இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவற்றோடு மனக்கவலையும் ஒன்றாக அதில் இடம்பெற்றது. ஜப்பானிய வைத்தியர்கள் 1990இல் வேறொன்றை விவரித்தார்கள். திடீர்த் துக்கத்தால் இதயத்தின் கீழறை செயலிழந்து ஜாடி போல் உப்பிவிடுகிறது. மாரடைப்புப் போலவே வலிக்கிறது. ஆனால் இரத்தக் குழாயில் அடைப்பு இல்லை. அந்நாட்டில் ஆக்டோபஸ் பிடிக்க வைக்கும் ஜாடியின் வடிவில் இருப்பதால் அதற்குத் தகோட்சுபோ என்று பெயரிட்டார்கள். நடுவயது கடந்த பெண்களுக்கே இது மிகுதியாக வருகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். 'நெஞ்சு உடைந்துபோயிற்று' என்று நம் பாட்டிமார் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை.

ஆனால் எல்லா நோயையும் மனத்தின் மேல் போட்டுவிடுவதும் சரியன்று. வயிற்றுப் புண் கவலையாலும் காரத்தாலும் வருவதென்று டாக்டர்களே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ஷல், வாரன் என்ற இருவர் 1982இல் வயிற்றில் தங்கும் ஒரு கிருமியைக் கண்டுபிடித்து, பெரும்பாலான புண்ணுக்கு அதுவே காரணம் என்று நிறுவினார்கள். அதற்காக 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆகவே நெஞ்சு வலித்தால் முதலில் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான். கவலையால் வந்த வலி என்று தாமே தீர்மானித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருப்பவர் உயிரோடு விளையாடுகிறார். பரிசோதித்து, தேகத்தில் கோளாறில்லை என்று தெரிந்த பின் கல்பைப் பார்க்க வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மந்தமானால் மனம் சோர்ந்துவிடும். நீரிழிவோ மாரடைப்போ கண்டவர்களில் பலர் அதன் பின் மனச்சோர்வில் விழுகிறார்கள். அவர்களை ஓதிப் பார்த்துக்கொண்டே இருந்தால் தைராய்டு தேறாது.

நம் முன்னோர் இதை ஆராய்ந்து எழுதியே வைத்தார்கள். பல்கு நகரப் பகுதியைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (கி.பி. 850–934) என்னும் அறிஞர் தேகங்களுக்கும் ஆன்மாக்களுக்கும் நலந்தருவன என்ற பொருளுடைய ஒரு நூலை இயற்றினார். அதன் ஒரு பகுதி தேகத்தைப் பற்றியது. மற்றது மனத்தைப் பற்றியது. தேக நோய் எதுவும் இன்றி நெடுநாள் வாழ்பவர் இருக்கலாம், ஆனால் துக்கம், கோபம், பயம் ஆகியவை தீண்டாத மனிதர் இல்லை என்பது அவர் கருத்து. துக்கத்தை இரண்டாகப் பிரித்து, காரணம் தெரிந்தது ஒன்று, காரணம் தெரியாதது மற்றொன்று என்றார். பின்னதன் வேர் தேகத்தில் இருக்கலாம், அதற்குத் தேக வைத்தியம் வேண்டும் என்றும் எழுதினார். வீட்டில் அவசரத்துக்கு மருந்து வைத்திருப்பதைப் போல, நல்ல நாளிலேயே நல்ல எண்ணங்களைச் சேகரித்து வைக்கச் சொன்னார். இதில் நமக்கு ஒரு பெருமை: அந்த நூலின் மனம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்ட சூடான் நாட்டு மனோதத்துவப் பேராசிரியர் மாலிக் பத்ரி, மலேசியாவின் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுகள் பல போதித்தவர். 2021இல் காலமானார்.

வைத்திய மேதை இப்னு ஸீனா (980–1037) நாடியைப் பிடித்துக்கொண்டே ஊர்களின் பெயர்களையும் தெருக்களின் பெயர்களையும் சொல்லச் செய்து, எந்தப் பெயருக்கு நாடி துடிக்கிறது என்று பார்த்து, உள்ளே மறைத்து வைத்த ஏக்கத்தைக் கண்டுபிடித்த முறை புகழ்பெற்றது. வாய் சொல்லாததை மணிக்கட்டு சொல்லிற்று.

இவ்வளவு இருந்தும் நம் சமூகத்தில் இதற்கு இருக்கும் கூச்சம் சொல்லி முடியாது. மலேசியாவில் ஒருவரைப் பழிக்க 'தஞ்சோங் ரம்புத்தான்' என்றால் போதும். 1911இல் அங்கே மனோவியாதி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டதிலிருந்து ஓர் ஊரின் பெயரே வசையாகிவிட்டது. இன்று அது ஹாஸ்பிட்டல் பஹாகியா, அதாவது மகிழ்ச்சி ஆஸ்பத்திரி என்ற பெயரில் இயங்குகிறது. வசை மட்டும் மாறவில்லை. சிங்கப்பூரில் 'உட்பிரிட்ஜ்' என்ற சொல்லும் அப்படித்தான் வழங்கிற்று. மகளுக்குச் சம்பந்தம் வராது, கடைக்குச் சரக்குக் கொடுப்பவர் யோசிப்பார் என்று அஞ்சி, நோயை மூடி வைக்கிறோம். மலேசிய அரசின் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதினாறு வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 4.6 பேருக்கு மனச்சோர்வு நோய் காணப்பட்டது. 2019இல் அது 2.3 ஆக இருந்தது. சிங்கப்பூரில் ஏழில் ஒருவர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநோய்க்கு ஆளாவதாக 2016ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. நம் ஜமாஅத்தில் ஒரு ஸப்பில் நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள்.

மூடி வைப்பதன் முடிவு என்னவென்பதை ஏர்வாடி நமக்குக் காட்டிற்று. நம்மிற் பலருக்குத் தாயூர் இராமநாதபுரச் சீமைதான். குடும்பத்தில் யாருக்கேனும் மனம் பேதலித்தால் ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துச் செல்வது அங்கே நெடுநாளைய வழக்கம். தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய விடுதிகள் பல இருந்தன. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி அதிகாலை அவற்றுள் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களில் பலருக்கு உறவினர் இருந்தார்கள். பணம் அனுப்பினார்கள், பார்க்க வருவது மட்டும் குறைந்து போயிற்று. ஜியாரத்தையோ துஆவையோ நாம் குறை சொல்ல வரவில்லை. பின்னாளில் அதே ஏர்வாடியில், வருவோருக்குத் துஆவோடு மருந்தும் கிடைக்கும்படி 'தவா–துஆ' என்ற பெயரில் அரசாங்கம் ஏற்பாடு செய்தது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வை என்ற போதனைக்கு இதைவிட நல்ல விரிவுரை வேண்டுமா? ஒவ்வொரு நோய்க்கும் நிவாரணத்தை அல்லாஹ் இறக்கியிருக்கிறான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, மனோவியாதியை அதிலிருந்து விலக்கவில்லை.

ரமலான் வந்ததும் மனநோய்க்குரிய மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நோயாளிக்கு நோன்பில் அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். பல மருந்துகளின் வேளையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றி அமைக்க டாக்டரால் முடியும். கேட்காமல் நிறுத்தினால் பெருநாளைக்குள் நோய் திரும்பிவிடுவதும் உண்டு. ஆலிமிடமும் டாக்டரிடமும் ஷஃபானிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போனவர்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. அது ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த எண்ணத்தோடு போராடுபவர் நோயாளி. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்திய சட்டத்தைச் சிங்கப்பூர் 2020இலும் மலேசியா 2023இலும் நீக்கிவிட்டன. சட்டமே இரங்கிவிட்டபோது நாம் கல்லாக நிற்கலாமா? அப்படி ஒருவர் மீது சந்தேகம் வந்தால் நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மலேசியாவில் 15555, சிங்கப்பூரில் 1771 என்ற தொலைபேசி எண்கள் மனநல உதவிக்கென்று அமைந்தவை.

நம் கடைகளில் வேலை செய்யும் சிப்பந்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. அக்காலத்தில் சபராளிகளாய் வந்த நம் பாட்டன்மார் மூன்று நான்கு வருஷம் பெண்டு பிள்ளை முகம் பாராமல் கடையிலேயே உண்டு, சரக்கு மூட்டைகளுக்கிடையே உறங்கினார்கள். முதலாளியும் அதே ஊர்க்காரர். அதே பாயில் படுத்தவர். இன்று முதலாளி வேறு வீட்டில் இருக்கிறார். பையன்கள் கடை மாடியில் இருக்கிறார்கள். 2020இல் மார்ச்சில் மலேசியாவிலும் ஏப்ரலில் சிங்கப்பூரிலும் எல்லாம் அடைபட்டபோது, பெற்றோரின் மையித்தைக் கைப்பேசித் திரையில் பார்த்து அழுத பையன்கள் எத்தனை பேர்! அந்த அழுகை இன்னும் முடியாதவர்கள் இருக்கிறார்கள். அடுப்படியில் நிற்பவன் அடிக்கடி தலைவலி என்றால், வேலைக்கு மட்டம் போடுகிறான் என்று கணக்கப்பிள்ளை சொல்வதை மட்டும் கேட்டு முடிவு கட்டாதீர்கள். ஊருக்குப் பேசி எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு மாதம் ஊருக்கு அனுப்பி வையுங்கள். உங்கள் உடலுக்கும் உங்கள் மீது உரிமை உண்டு என்று தோழருக்கு உரைத்த நாயகம் (ஸல்) அவர்கள், சிப்பந்தியின் உடலுக்கும் சேர்த்தே அதை உரைத்திருக்கிறார்கள்.

கடன் கொடுத்தவர்களுக்கும் இதில் பங்குண்டு. கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை தவணை தர வேண்டும், விட்டுக்கொடுப்பது இன்னும் சிறந்தது என்பது சூரா பகராவின் 280ஆம் ஆயத்து நமக்கு இட்ட கட்டளை. வியாபாரத்தில் எல்லாரையும் விட்டுக்கொடுக்க முடியாது என்பதை நாம் அறிவோம்; வாங்கிய கடனை வசதியிருந்தும் கொடுக்காமல் இழுத்தடிப்பது அநியாயம் என்பதையும் அதே மார்க்கம்தான் சொல்லிற்று. ஆனால் உண்மையாகவே நொடித்துப்போனவரிடம், "ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம், நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்" என்று ஒருவர் சொன்னால், அவர் எந்த டாக்டரும் எழுதித் தர முடியாத மருந்தைக் கொடுத்தவராவார். பலர் முன்னிலையில் பாக்கி கேட்பதை நிறுத்தினாலே பாதி நோய் தணியும்.

கடைசியாக ஒரு பழைய வழக்கத்தை நினைவூட்டுகிறோம். ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் குடும்பத்தில் மௌத்து நேர்ந்து, வந்த பெண்கள் கலைந்து போய், வீட்டாரும் நெருங்கியவர்களும் மட்டும் எஞ்சும்போது, அவர்கள் தல்பீனா என்னும் கஞ்சியைக் காய்ச்சச் சொல்வார்களாம். அது நோயாளியின் கல்புக்கு ஆறுதல் தந்து துக்கத்தில் சிறிது போக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டதாக அறிவித்திருக்கிறார்கள். வாற்கோதுமை மாவில் காய்ச்சும் மெல்லிய கஞ்சி அது. கூட்டம் இருக்கும்போதன்று, கூட்டம் கலைந்த பிறகு அதைக் காய்ச்சினார்கள் என்பதைக் கவனியுங்கள். நாமும் மூன்றாம் நாள் வரை கூடுகிறோம். கத்தம் முடிந்ததும் அவரவர் கடையைத் திறக்கப் போய்விடுகிறோம். நான்காம் நாளிலிருந்துதான் அந்த வீட்டில் இரவு நீளத் தொடங்குகிறது. கஞ்சி காய்ச்சுவதில் நம்மவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ரமலானில் பள்ளி தோறும் அண்டா அண்டாவாகக் காய்ச்சி அண்டை அயலார்க்கெல்லாம் வார்க்கிறோம். அதில் ஒரு தூக்கு, மற்ற மாதங்களிலும், துக்கம் நேர்ந்த வீட்டுக்கும் கடை மூடிய வீட்டுக்கும் போகட்டும். எடுத்துச் செல்பவர் வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், உள்ளே போய்ச் சற்று உட்கார்ந்து, அவர்கள் பேசினால் கேட்டுவிட்டு வரட்டும்.